‘பாதுகாப்பான டனல்’ பெட்டி வாடகைக்கு எடுக்கும் முன்

மும்பையில் தமிழ் இணைய வானொலி நடத்துபவர்கள், கோயில் விழா, கச்சேரி என்று வெளியிடத்திலிருந்து நேரலை செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

எங்கள் ஸ்டூடியோ செம்பூரில். பொங்கல் விழா மாட்டுங்காவில் ஒரு கல்லூரி அரங்கில். அங்கே ஃபயர்வால் (நெட்டில் எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று வடிகட்டுவது) கெடுபிடி என்பதால், அதைத் தாண்டி ஆடியோ கொண்டுவரும் பெட்டிகளை வாடகைக்கு விடும் ஒருவரைப் பிடித்தோம். ஸ்டூடியோவுக்கு ஒன்று, அரங்குக்கு ஒன்று, மொத்தம் ரூ.18,000. “எந்த நெட்லயும் ஓடும்ணே, கவலைய விடுங்க” என்றார். முன்கூட்டியே அரங்கில் வைத்துச் சோதிக்கலாம் என்றோம். தட்டிக் கழித்துவிட்டார்.

விழா அன்று பெட்டி இணையவே இல்லை. அதன் டனல், அதாவது இரு பெட்டிகளுக்கும் நடுவே இணையத்தின் ஊடே போடும் ரகசியத் தனிப்பாதை, யூடிபி என்ற அனுப்பும் முறையில் 1194 போர்ட்டில் (எண் இட்ட வாசல்) போவது. கல்லூரி ஃபயர்வால் யூடிபியை வெளியே விடவில்லை. அவசர அவசரமாக டிசிபி என்ற இன்னொரு அனுப்பும் முறைக்கு, வலைத்தளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட்டுக்கு மாற்றினார். இணைந்தது. ஆனால் தவில் தனியாவர்த்தனம் முழுக்க விக்கல்தான்.

காரணம் எளிது. ஓபஸ் என்ற வடிவில் சுருக்கிய ஆடியோ 20 மில்லிவினாடித் துண்டுகளாக, வினாடிக்கு 50 பாக்கெட்டாகப் போகிறது. யூடிபியில் ஒன்று தொலைந்தால், ஆடியோவை விரித்து ஒலியாக்கும் டிகோடர் அந்த இடைவெளியை ஒப்பேற்றிவிட்டு மேலே போகும். டிசிபியிலோ தொலைந்தது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்துக் கிடக்கும். பஃபர் (ஒலிக்கும் முன் சேர்த்து வைக்கும் இருப்பு) சின்னது என்றால் அத்தனையும் வீண். கச்சேரி ஒருவழி ஒலிபரப்பு, பேச்சுக்குப் பதில் பேச்சு தேவையில்லை. ஐந்தாறு வினாடி பஃபர் வைத்திருந்தாலே பெரும்பாலும் சரியாகியிருக்கும். கேட்டால் “உங்க அரங்கு நெட் மோசம்” என்றார். விழாக் குழுவின் வீடியோ நேரலை அதே நெட்டில் தடங்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது!

இதைவிட மோசமானது பின்னால்தான் தெரிந்தது. சயானில் ஒரு கோயில் குழுவும் இவரிடம் பெட்டி எடுத்திருந்தது. நண்பர் இரண்டையும் திறந்து பார்த்தார். உள்ளே ஓபன்விபிஎன் என்ற டனல் மென்பொருள், ஸ்டாடிக் கீ முறையில் (இரு முனைக்கும் மாறாத ஒரே ரகசியச் சாவி). இலவச மென்பொருள் என்பதில் குறையே இல்லை. ஆனால் எங்கள் சாவியும் அவர்கள் சாவியும் ஒன்றே, ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெட்டி மேல் ‘மிலிட்டரி கிரேடு’ என்று ஸ்டிக்கர் வேறு. இந்த முறையில் சாவி கையில் இருப்பவர், முன்பே பிடித்து வைத்த போக்குவரத்தைக்கூடத் திறந்துவிடலாம். எங்கள் ரூட்டரில் அவர் திறந்து வைத்த போர்ட் வழியாக ஸ்டூடியோ நெட்வொர்க்குக்குள்ளும் வரலாம். நிகழ்ச்சிப் பதிவுகள், நேயர்களின் தொலைபேசி எண்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வயிறு எரிகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “கனெக்ட் ஆச்சுல்ல?” என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது நிலையான ஐபி உள்ள ஒரு வாடகை சர்வருக்கு இரு முனையும் வெளியே போய் இணைகின்றன. ஸ்டூடியோவில் எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை. யூடிபி போகும் இடத்தில் வயர்கார்டு என்ற டனல், போகாத இடத்தில் 443 வழியாக ஐஸ்காஸ்ட் என்ற ஒலிபரப்பு மென்பொருள், தாராளமான பஃபரோடு. சாவிகளை நாங்களே உருவாக்குகிறோம்.

அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி உங்களிடம் இருந்தால் இன்றே கழற்றுங்கள். ரூட்டரில் அதற்காகத் திறந்த 1194, 443 இரண்டையும் மூடிவிட்டு, ஸ்டூடியோ கணினிகளின் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.