சப்ரெசரைப் பரிசாக வாங்க நினைப்பவர்களுக்கு: டெக்சாஸ் துப்பாக்கிக் கடையொன்றில் நான் ஏமாற்றப்பட்ட விவரம்

டெக்சாஸில் துப்பாக்கிக்கான சப்ரெசர், அதாவது நம்மில் பலர் சைலன்சர் என்று சொல்லும் கருவி, சட்டப்படி வாங்கக்கூடியதே. அதை இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுப்பதற்கும் நேர்மையான வழி உண்டு. ஆனால், "உங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி வந்த பிறகு அவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். அந்த ஆலோசனையின்படி நடந்திருந்தால் நானும் என் மாப்பிள்ளையும் கூட்டரசுக் குற்றவாளிகளாகியிருப்போம். இதை எழுதக் காரணம் அதுதான். போன பணம் இரண்டாவது காரணம்.

மாப்பிள்ளை இங்கே குடியுரிமை பெற்றவர். நண்பர் ஒருவரின் பண்ணையில் பயிரைத் தோண்டி நாசம் செய்யும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்காக அவ்வப்போது போய்வருவார். சில மாதங்களாக வலது காதில் ஓர் இரைச்சல் நிற்காமல் கேட்கிறது என்று என் மகள் வருத்தப்பட்டாள். ரைஃபிள் வெடிக்கும்போது எழும் ஓசை 160 டெசிபெலைத் தாண்டும். 140 டெசிபெலுக்கு மேற்பட்ட திடீர் ஓசை ஒரே முறையில்கூடக் காதைக் கெடுக்கும். நல்ல சப்ரெசர் இதில் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். திரைப்படத்தில் வருவதைப் போல ஓசையே இல்லாமல் போகாது, காதடைப்பானும் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் காதுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆகவே அவருடைய பிறந்தநாளுக்கு அதையே வாங்கித் தருவது என்று முடிவு செய்தேன்.

கடையில் நுழைந்தவுடனேயே விஷயத்தைத் தெளிவாகச் சொன்னேன். பணம் கொடுப்பவன் நான், பொருள் மாப்பிள்ளைக்கு, விண்ணப்பமும் பதிவும் அவர் பெயரில் இருக்க வேண்டும், கைரேகை கொடுக்க அவரே சனிக்கிழமை வருவார் என்றேன். விற்பனையாளர் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பொருள் கையிருப்பில் உள்ளது, உடனே விண்ணப்பித்துவிடலாம் என்றும் உறுதியளித்தார். அட்டையைத் தேய்த்த பிறகு கைக்கு வந்த பில்லில் சப்ரெசர் 849 டாலர், வரி முத்திரை 200 டாலர், டிரஸ்ட் (பலர் சேர்ந்து ஒரு பொருளை உடைமையாக வைத்திருக்க உதவும் சட்ட ஏற்பாடு) பத்திரம் 130 டாலர், கோப்புக் கட்டணம் 75 டாலர் என்று நான்கு இனங்கள் இருந்தன. வரிசை எண் எழுதவேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. வரி எதற்கு என்று கேட்டேன். கூட்டரசு வாங்குவது, எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை என்றார். டிரஸ்ட் நான் கேட்கவே இல்லையே என்றதற்கு, குடும்பத்தார் எல்லாரும் பயன்படுத்த வசதியாக இருக்கும், இங்கே வாங்குகிற அனைவரும் செய்வதுதான் என்று பதில் வந்தது.

மறுவாரம் மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பத்தைச் சரிபார்த்து மின்கையொப்பம் இடுமாறு கேட்டிருந்தார்கள். பொருளைப் பெறுபவர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது. கையொப்பம் இடாமல் உடனே தொலைபேசியில் அழைத்தேன். பணம் கொடுத்தவர் பெயரில்தான் போட முடியும், அனுமதி வந்த பிறகு பரிசாகக் கொடுப்பது உங்கள் குடும்ப விஷயம், அதை யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்று சற்றும் தயங்காமல் சொன்னார்கள். துப்பாக்கி விற்பனைக்கென்று கூட்டரசு உரிமம் வாங்கி வைத்திருக்கும் ஒரு கடை, வாடிக்கையாளரைப் பத்தாண்டுச் சிறைக்கு உரிய குற்றத்தின் பக்கம் இப்படித் தள்ளிவிடுவதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சாதாரண ரைஃபிளை ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கி, அதே மாநிலத்தில் வசிக்கும், சட்டத் தடை ஏதும் இல்லாத உறவினருக்குப் பரிசாகக் கொடுப்பதைக் கூட்டரசுச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் சப்ரெசரும் அப்படியே என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு சப்ரெசரும் அதன் வரிசை எண்ணோடும் உடைமையாளரின் பெயரோடும் ஏ.டி.எஃப். எனப்படும் கூட்டரசுத் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. விலைக்கோ பரிசாகவோ ஒரு தனிநபரின் கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஃபார்ம் 4 விண்ணப்பம், புகைப்படம், கைரேகை, உள்ளூர்க் காவல் தலைமை அதிகாரிக்கு அறிவிப்பு, பிறகு ஏ.டி.எஃப். ஒப்புதல் ஆகிய அனைத்தும் முடிந்த பின்னரே பொருள் கைமாற வேண்டும். அப்பா மகனுக்குக் கொடுத்தாலும் மாமனார் மருமகனுக்குக் கொடுத்தாலும் விதி ஒன்றுதான். என் பெயரில் பதிவான சப்ரெசரை நான் உடனிருக்கும்போது மாப்பிள்ளை பொருத்திச் சுடலாம். அதை அவர் வீட்டில் விட்டுவிட்டு நான் திரும்பி வந்தால் பதிவில்லாத கைமாற்றம் ஆகிவிடும். கொடுத்தவருக்கும் வைத்திருப்பவருக்கும் தண்டனை பத்தாண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

இனி அந்த 200 டாலர். 1934 முதல் சப்ரெசர் கைமாற்றத்துக்கு 200 டாலர் வரி இருந்தது உண்மை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான கூட்டரசுச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் அந்த வரியைச் சப்ரெசருக்குப் பூஜ்யமாக்கிவிட்டது. விண்ணப்பமும் கைரேகையும் ஒப்புதலும் முன்போலவே இருக்கின்றன. வரி மட்டும்தான் போயிற்று. இயந்திரத் துப்பாக்கி போன்ற சிலவற்றுக்கு 200 டாலர் தொடர்கிறது, ஆனால் நான் வாங்கியது அவற்றுள் சேராது. ஆக, 2026இல் என்னிடம் வாங்கிய அந்தத் தொகை அரசுக்குப் போகவேண்டிய தொகையே அல்ல. அரசின் பெயரைச் சொல்லிக் கடை தன் பெட்டியில் போட்டுக்கொண்டது. பழைய பில் படிவத்தைத் தவறுதலாகப் பயன்படுத்திவிட்டோம் என்று பிற்பாடு சொன்னார்கள். தவறுதல் என்றால் சுட்டிக்காட்டிய அன்றே திருப்பித் தந்திருக்க வேண்டும் அல்லவா?

வரிசை எண் ஏன் வெறுமையாக இருந்தது என்பதும் பிறகு புரிந்தது. ஃபார்ம் 4இல் குறிப்பிட்ட ஒரு கருவியின் வரிசை எண்ணை எழுதியாக வேண்டும். பொருள் கடைக்கே வந்து சேராவிட்டால், முதலில் வணிகர்களுக்கு இடையிலான ஃபார்ம் 3 ஒப்புதல் கிடைத்து அது கடைக்கு வரவேண்டும். அதன் பிறகுதான் வாங்குபவருக்கான விண்ணப்பத்தைத் தொடங்க முடியும். கையிருப்பில் உள்ளது என்று சொல்லி என்னிடம் பணம் வாங்கிய நாளில் அது விநியோகஸ்தரிடமிருந்து புறப்படவே இல்லை.

டிரஸ்ட் விஷயத்தில் அவர்கள் செய்தது எல்லாவற்றையும்விட மோசமானது. குடும்பத்தில் பலர் ஒரே சப்ரெசரைப் பயன்படுத்த டிரஸ்ட் உதவும் என்பது சரியே; ஆனால் டிரஸ்டில் பொறுப்பாளராகச் சேரும் ஒவ்வொருவரும் விண்ணப்பத்தோடு புகைப்படமும் கைரேகையும் தரவேண்டும் என்பது 2016 முதல் நடைமுறை. என்னோடு கடைக்கு வந்திருந்த தங்கை மகன் எச்-1பி விசாவில் இருப்பவன். அது தெரிந்தும், "தம்பி பெயரையும் சேர்த்துவிடலாமே" என்றார் அந்த விற்பனையாளர். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியை வைத்திருப்பது பொதுவாகக் கூட்டரசுக் குற்றம். சட்டத்தின் பார்வையில் சப்ரெசரும் துப்பாக்கிதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் டெக்சாஸில் தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுடுவதற்கு 2019 முதல் வேட்டை உரிமம் தேவையில்லை என்பதால், நம் பிள்ளைகள் பலரிடம் அந்த உரிமமே இருப்பதில்லை. அந்த விதிவிலக்கும் அவர்களுக்குக் கிடைக்காது. கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்ன ஒரு யோசனை, ஓர் இளைஞனின் விசாவையும் எதிர்காலத்தையும் அழித்திருக்கும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் இதுபோன்ற எந்தத் தாளிலும் பெயர் கொடுக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

விற்பனையை ரத்து செய்யச் சொன்னபோது, இவ்வகைப் பொருள்களுக்குப் பணம் திருப்பித் தரப்படாது, வேண்டுமானால் கால் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கடைக் கணக்கில் வரவு வைக்கிறோம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டை வழங்கிய வங்கிக்குப் பில்லின் நகலையும் வரி பூஜ்யமானதற்கான ஆதாரத்தையும் இணைத்து எழுத்தில் மறுப்புத் தெரிவித்தேன். கணக்கு அறிக்கை வந்த 60 நாள்களுக்குள் இதைச் செய்தால்தான் கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும் என்பதைக் கவனியுங்கள். மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும், ஏ.டி.எஃப். உள்ளூர் அலுவலகத்துக்கும் தனித்தனியே புகார் அனுப்பினேன். தொலைபேசியில் பேசியதை எல்லாம் அன்றன்றே மின்னஞ்சலாகக் கடைக்கு எழுதி, "நீங்கள் இன்று சொன்னது இது" என்று பதிய வைத்தது வங்கியிடம் பெரிதும் கைகொடுத்தது. வரி என்று வாங்கிய 200 டாலரையும் டிரஸ்ட் கட்டணத்தையும் வங்கி மீட்டுத் தந்துவிட்டது. மீதித் தொகைக்காக டெக்சாஸ் நுகர்வோர் சட்டப்படி 60 நாள் முன்னறிவிப்புக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குத் தொடுப்பேன். 20,000 டாலர் வரையுள்ள வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கே நடத்தலாம்.

பரிசு கொடுக்க விரும்புகிறவர்கள் செய்யவேண்டியது உண்மையில் எளிமையானது. பணத்தை நீங்கள் கட்டுங்கள். விண்ணப்பம் தொடக்கம் முதலே பெறுபவரின் பெயரில், அவருடைய கைரேகையோடும் கையொப்பத்தோடும் போகட்டும். அவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அவர் வசிக்கும் மாநிலம் சப்ரெசரை அனுமதிக்க வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி உட்பட எட்டு மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. அவர் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்குள்ள உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் பொருள் போய்ச்சேர முடியும். பணம் கட்டுவதற்கு முன், பெறுபவர் பெயரையும் வரிசை எண்ணையும் ஒப்புதல் மறுக்கப்பட்டால் பணம் எப்படித் திரும்பும் என்பதையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஆச்சரியமாகப் பரிசளிக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டியதுதான், ஏனெனில் பெறுபவருக்குத் தெரியாமல் இதைச் செய்யவே முடியாது.

நாங்கள் பிறகு வேறொரு கடைக்குப் போனோம். அங்கிருந்த அம்மையார் பொருளை முதலில் மேசைமேல் எடுத்துவைத்து, அதன் பக்கத்தில் பொறித்திருந்த எண்ணை மாப்பிள்ளையிடமே வாசிக்கச் சொல்லி, அதைப் பில்லில் எழுதினார். வரி என்ற இடத்துக்கு எதிரே பூஜ்யம் போட்டிருந்தார். மாப்பிள்ளை அங்கேயே கைரேகை கொடுத்துத் தம் பெயரில் கையொப்பமிட்டார். நான் பணம் கட்டினேன். ஒப்புதலுக்காக அந்தச் சப்ரெசர் இப்போது கடையின் பெட்டகத்தில் இருக்கிறது.