லோவாங்கோ தந்தம் என்று தலையில் கட்டிய ரெசின்: லண்டனில் வாங்குபவர்கள் கவனத்துக்கு

லண்டன் பழம்பொருள் சந்தைகளில் ஆப்பிரிக்கச் சிற்பங்கள் வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 19ஆம் நூற்றாண்டு லோவாங்கோ தந்தம் என்று ஒரு வியாபாரி 1,400 பவுண்டுக்கு எனக்கு விற்றது அச்சில் வார்த்த ரெசின், அதாவது பிளாஸ்டிக் போன்ற செயற்கைப் பிசின்.

இன்றைய காங்கோ குடியரசும் அங்கோலாவின் கபிந்தாவும் இருக்கும் கடற்கரைப் பகுதிதான் அன்றைய லோவாங்கோ கரை. அங்கே வியாபாரம் செய்த ஐரோப்பியர்கள் ஊருக்கு எடுத்துப்போக விலி இனச் சிற்பிகள் தந்தங்களைச் செதுக்கிக் கொடுத்தார்கள். அடியிலிருந்து நுனிவரை ஒரு பட்டை சுற்றிச் சுற்றி ஏறும். அதில் சுமைகாரர்கள், சங்கிலியில் பிணைத்து இழுத்துப்போகப்படும் அடிமைகள், தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள், கையில் பாட்டில், துப்பாக்கி என்று ஊர்வலமாக வரும். சில உருவங்களைப் பார்த்தால், வாங்குகிறவனைக் கிண்டல் செய்து அவனிடமே காசு வாங்கியிருக்கிறார்கள் என்று தோன்றும். அந்தக் குசும்புக்காகவே எனக்கு இவை பிடிக்கும்.

வியாபாரிக்கு விஷயம் நன்றாகத் தெரியும். பெனின் (இன்றைய நைஜீரியாவில் இருந்த பழைய அரசு) அரண்மனைத் தந்தம் என்று உளறவில்லை. விலி, கபிந்தா எல்லாம் சரியாகவே சொன்னார். ஏமாற்று வேலை ரசீதில்தான் இருந்தது.

பிரிட்டனின் 2018 தந்தச் சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. இது போன்ற முழுத்தந்தச் சிற்பம் 1918க்கு முந்தையதாகவும், கலை அல்லது வரலாற்று மதிப்பில் மிக உயர்ந்ததாகவும் இருந்து, அரசின் விலக்குச் சான்றிதழும் பெற்றிருந்தால்தான் சந்தையில் விற்கலாம். சான்றிதழ் ஏற்கெனவே வந்துவிட்டது, தபாலில் அனுப்புகிறேன் என்றார். ரசீதில் மட்டும் 'செதுக்கு வேலை, அலங்காரப் பொருள்' என்று எழுதினார். கேட்டதற்கு, தந்தம் என்று எழுதினால் வீணாக ஆயிரம் கேள்வி வரும் என்றார்.

சான்றிதழ் வரவே இல்லை. அப்புறம் வீட்டில் உருப்பெருக்கியில் பார்த்தால், வளைவின் உள்பக்கம் அச்சின் இணைப்புக் கோட்டை ராவித் தேய்த்த தடம். பள்ளங்களில் சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள். யானைத் தந்தத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய வரிகள் இருக்கும், ஷ்ரேகர் கோடுகள் என்பார்கள். இதில் அடிப்பக்கம் வழவழவென்று மொட்டையாக இருந்தது. உச்சகட்டம் இதுதான்: இணையத்தில் வேறொருவர் விற்பனைக்குப் போட்டிருந்த 'தந்த'த்திலும் அதே மூன்றாவது சுமைகாரனுக்கு அதே இடத்தில் மூக்கு உடைந்திருந்தது. ஒரே அச்சு! (ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. நிஜப் பொருளாக இருந்தால் பாழாகிவிடும், வேண்டாம்.)

திருப்பிக் கொடுக்கப் போனேன். "ரசீதில் தந்தம் என்று எங்கே இருக்கிறது?" என்றார். கொஞ்சம் குரல் உயர்த்தியதும், "சான்றிதழ் இல்லாமல் தந்தம் வாங்கப் பார்த்தேன் என்று போய்ப் புகார் கொடுங்களேன்" என்று மிரட்டல் வேறு. சட்டத்தையே கேடயமாக்கிப் பிழைக்கிற ஆள்.

ஆனால் விற்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, 'லோவாங்கோ தந்தம், 1880 வாக்கில்' என்று அவரே எழுதியிருந்தார். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியிடமும் கேட்டிருக்கிறேன். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் என்றால், ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி முழுத்தொகைக்கும் கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. செய்தியையும் படங்களையும் அனுப்பிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

யாராவது உங்களிடம் இப்படி ஒன்றை நீட்டினால், பணம் எடுக்கும் முன் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். தந்தம், ஊர், காலம் மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.