நிலநடுக்கோட்டு ஊரில் எட்டுப் பருவ விழாக்கள்: ஒரு தம்பதியின் நீண்டகால அனுபவம்

பேகன் மரபினர், அதாவது கிறித்துவத்துக்கு முந்தைய ஐரோப்பிய இயற்கை வழிபாட்டை இக்காலத்தில் மீட்டுப் பின்பற்றுபவர்கள், ஆண்டுச் சக்கரம் என்று அழைக்கும் எட்டுப் பருவ விழாக்களில் பெரும்பாலானவற்றையும், அவற்றை ஒட்டிய சிறு பயணங்களையும் நானும் என் கணவரும் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறோம். இதைத் தொடங்க நினைக்கும் தம்பதிகள் அவ்வப்போது எங்களிடம் விளக்கம் கேட்கிறார்கள். எந்த விழா இந்த ஊரில் நிலைத்தது, எது நிலைக்கவில்லை, எந்தப் பயணம் செலவழித்த பணத்துக்கும் எடுத்த விடுப்புக்கும் தகுந்தது என்பதை அவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த எட்டில் நான்கு கதிரவனைச் சார்ந்தவை. வடக்கே பகல் மிகக் குறுகும் டிசம்பர் கதிர்த்திருப்பத்தில் யூல், பகலும் இரவும் சமமாகும் மார்ச் சமநாளில் ஒஸ்டாரா, பகல் மிக நீளும் ஜூன் கதிர்த்திருப்பத்தில் லித்தா, செப்டம்பர் சமநாளில் மேபன் என்று அவை வரும். மற்ற நான்கும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் உழவும் மேய்ச்சலும் சார்ந்த நாட்காட்டியிலிருந்து வந்தவை: அக்டோபர் 31இல் சாவின், பிப்ரவரி 1இல் இம்போல்க், மே 1இல் பெல்ட்டேன், ஆகஸ்ட் 1இல் லூனாசா. தனித்தனியே இவற்றில் சில மிகப் பழையவை என்றாலும், எட்டையும் ஒரே வட்டமாகக் கோத்தது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில்தான் நடந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மண்ணின் பருவத்துக்கு ஏற்ப அவர்கள் கோத்துக்கொண்டதை, நம் மண்ணின் பருவத்துக்கு ஏற்ப நாம் மாற்றிக் கோத்துக்கொள்வதில் தவறேதும் இல்லை என்பது எங்கள் கருத்து.

என் கணவரின் மேற்படிப்புக்காக நாங்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வாழ்ந்தபோதுதான் இந்த விழாக்கள் எங்களுக்கு அறிமுகமாயின. அங்கே ஜூன் மாதத்தில் பகல் 17 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் 7 மணி நேரத்துக்குச் சுருங்கிவிடும். கால்டன் குன்றில் 1988 முதல் நடைபெற்றுவரும் பெல்ட்டேன் தீ விழாவை ஏப்ரல் 30ஆம் தேதி இரவுக் குளிரில் நின்று பார்ப்பவருக்கு, அந்த மக்கள் நெருப்பை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கு ஏறத்தாழ 9 நிமிட வேறுபாடுதான். கதிரவன் மீண்டு வருகிறான் என்று டிசம்பர் 21 இரவில் விளக்கேற்றினால், அவன் எங்கே போயிருந்தான் என்ற கேள்விக்கு இந்த ஊர் வானத்தில் விடை கிடைக்காது. ஆகவே இந்த ஊரில் உண்மையாகவே மாறுபவை எவை என்று பார்க்கத் தொடங்கினோம். மழை மாறுகிறது, மரம் மாறுகிறது, கடலின் ஏற்றவற்றம் மாறுகிறது, பறவைகள் வந்து போகின்றன. எங்கள் சக்கரம் இப்போது இவற்றைத்தான் அச்சாகக் கொண்டு சுழல்கிறது.

எங்கள் ஆண்டின் முதன்மையான விழா புறா ஆர்க்கிட் பூக்கும் நாள். எட்டில் எதற்கும் அது நேர் இணை அல்ல. ஆனால் இளவேனில் விழாக்கள் அங்கே தரும் மனநிலையை இங்கே எங்களுக்கு அதுதான் தருகிறது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும் இந்தச் சிறிய வெள்ளை ஆர்க்கிட்டின் மொட்டுகள் ஓரளவு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். இடியும் மழையுமாகக் கொட்டித் தீர்த்து, வெப்பநிலை திடீரென்று 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால்தான் அவை மீண்டும் வளரத் தொடங்கும். அதிலிருந்து ஒன்பதாம் நாள், அதே மழையில் நனைந்த வட்டாரத்தின் செடிகள் எல்லாம் ஒரே காலையில் விரியும். அந்தப் பூக்களுக்கு ஆயுள் அந்த ஒரு நாள்தான்.

பெருமழை ஓய்ந்த மாலைகளில் என் கணவர் வானிலை ஆய்வகத்தின் இணையத்தளத்தில் வெப்பநிலை எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார். இறக்கம் போதுமானதாக இருந்தால், சமையலறையில் தொங்கும் தேக்கா மளிகைக்கடைத் தினசரி நாட்காட்டியின் தாள்களை ஒன்பது வரை எண்ணிப் புரட்டி, அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போடுவார். இந்த ஒன்பது நாள் முன்னறிவிப்பின் அருமையை, அலுவலக வேலையில் இருப்பவர்கள் உடனே உணர்வார்கள். விடுப்புக்குச் சொல்லவும், படகு நேரம் பார்க்கவும், வார நாளில் ஒரு சிறு பயணத்தை அமைத்துக்கொள்ளவும் அது போதும். வட்டமிட்ட நாளில் விடிந்தும் விடியாததுமாக எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள மரத்தடியில் போய் நிற்போம். கிளையின் மேற்புறம் முழுக்கச் சிறு சிறு வெண்பறவைகள் வரிசையாக வந்து அமர்ந்ததுபோல் இருக்கும். மணம் மேலிருந்து இறங்கி வரும். பிற்பகலில் அது குறைந்துவிடுமாதலால் காலைப் பொழுதைத் தவறவிடக் கூடாது.

சடங்கு என்று சொல்லத்தக்கது எங்களிடம் மிகக் குறைவு. வீட்டில் குத்துவிளக்கை ஏற்றி, ஒரு செம்பில் தண்ணீர் வைத்து, அந்தப் பருவத்தில் நாங்கள் எதற்கு நன்றி சொல்ல விரும்புகிறோம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். கோயிலுக்குப் போகும் எங்கள் வழக்கத்தை இது எவ்வகையிலும் பாதிக்கவில்லை. இதில் அன்னியத் தெய்வம் எதையும் நாங்கள் அழைப்பதில்லை. பூக்களை வைப்பதும் இல்லை. இங்கே பூங்காக்களில் பூப்பறிப்பது குற்றம், இயற்கைக் காப்பகங்களில் உதிர்ந்ததையும் எடுத்துவரக் கூடாது. பருவத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது என்பதால் அது இருக்கும் இடத்துக்கு நாங்கள் போகிறோம். விழாவோடு பயணம் சேர்ந்துகொண்டது இப்படித்தான். நெருப்பு வளர்ப்பதற்கும் இங்கு வழியில்லை. முன்பதிவு செய்த பார்பிகியூ அடுப்புகளைத் தவிரப் பூங்காக்களில் தீ மூட்ட அனுமதி கிடையாது. அகல்விளக்கின் சுடரே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஒஸ்டாராவை மார்ச் 20இலிருந்து சில நாள் தள்ளி, கதிரவன் எங்கள் தலைக்கு நேர்மேலே வரும் நாளுக்கு மாற்றிக்கொண்டோம். மார்ச் 23ஐ ஒட்டி, மதியம் 1 மணியைச் சற்றுத் தாண்டியதும், நிமிர்த்தி வைத்த தண்ணீர்க் குப்பியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். திறந்த புல்வெளி ஒன்று கிடைத்தால் போதும், பயணம் தேவையில்லை.

வடக்கின் பருவம் உண்மையாகவே சிங்கப்பூருக்கு வந்து சேரும் இடம் ஒன்று உண்டென்றால் அது சுங்கை புலோ ஈரநிலக் காப்பகம்தான். செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை அங்கே வலசைப் பறவைகள் தங்குகின்றன. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் குஞ்சு பொரித்த பொன் உப்புக்கொத்தி, குளிருக்கு முன்பே புறப்பட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்து, சதுப்பு நிலத்தின் சேற்றில் இரை தேடுவதைப் பார்க்கும்போது, மேபன் என்ற இலையுதிர்கால விழாவை இங்கே கொண்டாடுவதற்கு முழுமையான பொருள் கிடைத்துவிடுகிறது. வெளிச் சேற்றுப்பரப்பு நீரில் மூழ்கும் ஏற்ற நேரத்தில் பறவைகள் காப்பகத்தின் உட்குளங்களுக்கு வந்து கூடும் என்பதால், போவதற்கு முன் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்வது அவசியம். பவளக்காலிகள் ஒற்றைக்காலில் நின்று உறங்குவதை மறைவிடத்திலிருந்து நெடுநேரம் பார்த்திருக்கிறோம். இருவர் பேசாமல் அருகருகே அமர்ந்திருக்க இதைவிடச் சிறந்த இடத்தை இந்தத் தீவில் நான் கண்டதில்லை.

சாவின், முன்னோரை நினைக்கும் இரவு. எங்கள் தீபாவளியும் அந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது. 2024இல் இரண்டும் அக்டோபர் 31ஆம் தேதி ஒன்றாகவே வந்தன. இந்த விழாவுக்கு நாங்கள் போகும் இடம் செயிண்ட் ஜான்ஸ் தீவு. கப்பலில் வந்தவர்களை நோய்த்தடுப்புக்காகத் தனிமைப்படுத்தி வைக்கும் நிலையம் 1874இல் அங்கே தொடங்கப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கிய எத்தனையோ பேர் சிங்கப்பூர் மண்ணை மிதிக்கும் முன் அந்தத் தீவில் காத்திருந்தார்கள். என் கணவரின் தாத்தாவும் கப்பலேறி வந்தவர். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து அரை மணி நேரப் பயணம். கரையில் அமர்ந்து, எதிரே தெரியும் நகரத்தைப் பார்த்தபடி எங்கள் முன்னோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வோம். பெயர் தெரியாதவர்களை உறவுமுறையால் சொல்வோம். பிறகு பாலத்தைப் போன்ற இணைப்பு வழியாக லாசரஸ் தீவுக்கு நடந்து கடலில் குளித்துவிட்டுத் திரும்புவோம். பக்கத்துக் குசு தீவுக்குச் சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் ஏராளமான பக்தர்கள் புனிதப் பயணம் செல்வதால், அமைதியை நாடுபவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துத் திட்டமிடலாம்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி லூனாசா முதல் அறுவடைக்கான விழா. ஓரிரு நாள் கழித்து நம்முடைய ஆடிப்பெருக்கு வருகிறது. அங்கே அறுக்கும் நேரத்தில் நம்மவர்கள் விதைக்கிறார்கள், ஆடிப்பட்டம் தேடி விதை என்பது அதனால்தான். நாங்கள் சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ள உபின் தீவுக்குப் புறப்பட ஆயத்தமாவதைப் பார்த்த அத்தை, “இதுல என்னம்மா புதுசு இருக்கு? நாங்க ஊர்ல கட்டுச்சோறு கட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போவோமே” என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறித் தந்தார். அதிலிருந்து இந்த நாளை ஆடிப்பெருக்காகவே கொண்டாடுகிறோம். முடிந்தபோது அத்தையும் எங்களுடன் வருகிறார். இம்போல்க், லித்தா இரண்டையும் விட்டுவிட்டோம். ஈன்ற ஆடுகள் பால் சுரக்கத் தொடங்கும் நாளுக்கும் நீண்ட பகலுக்கும் இங்கே ஈடு இல்லை. பெல்ட்டேன் தொழிலாளர் தின விடுமுறையன்று வருவது வசதிதான், ஆனால் அன்று எங்கும் கூட்டம் நெரியும். எனவே மே மாதத்தில் தெம்புசு மரங்கள் பூக்கும் ஒரு மாலையில், பூமலை என்று நாங்கள் அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், ஐந்து வெள்ளி நோட்டில் இடம்பெற்ற அந்தப் பெரிய மரத்தின் பக்கம் நடந்துவிட்டு வருவதோடு நிறைவடைகிறோம்.

பயணங்களில் முதலிடம் உபினுக்கே. சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பிவிடும், முன்பதிவு வேண்டாம். மழையை நம்பி நாள் குறிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு இருக்க முடியாது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்திலிருந்து 2001 இறுதியில் தப்பிய, தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா ஈரநிலத்தை வற்றம் ஆழமாக இருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும். நடைபாதையிலிருந்து குனிந்து பார்த்தால், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள் அந்தக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி அசைப்பது தெரியும். காட்டுப்பன்றிகள் உணவுப் பையை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் கட்டுச்சோற்றைக் கையிலேயே வைத்திருங்கள்.

இரண்டு இரவு தங்குவதற்கு இந்தோனேசியாவின் பிந்தான் தீவு நல்லது. தானா மேரா படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம், அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதால் முதல் நாள் சற்று நீளமாகக் கிடைக்கும். ஒரு விடுதியில் தம்பதியருக்கான அமைதித் தொகுப்பு என்று கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, நள்ளிரவு வரை கரோக்கே ஒலிக்கும் கூடத்துக்கு அடுத்த அறையைத் தந்தார்கள். அதன் பிறகு அறை எங்கே இருக்கிறது என்று கேட்டு உறுதி செய்யாமல் நாங்கள் பணம் கட்டுவதில்லை. நீள் வார இறுதியில் தரைவழியாக மலேசியாவின் ஜொகூர் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓய்வுக்கென்று எடுத்த நேரத்தில் பெரும்பகுதி சோதனைச்சாவடி வரிசையிலேயே கரைந்துவிடும்.

யூல் மட்டும் இன்னும் முழுமையாக அமையவில்லை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுத்து, நாள் முழுக்கத் தூறி, வெப்பநிலை 22 டிகிரி வரை இறங்கும் நாட்கள் வரும். குளிர்கால விழாவுக்கு அந்த நாட்கள் பொருத்தமானவைதான். செக் ஜாவாவின் நுழைவாயிலில், 1930களில் பிரிட்டிஷ் தலைமை நில அளவையாளருக்கு விடுமுறை இல்லமாகக் கட்டப்பட்ட டியூடர் பாணி வீடு இருக்கிறது, அதில் ஒரு கணப்பும் உண்டு. அந்தக் கணப்பின் முன் நின்றபோது, சொந்த ஊரின் பருவத்தைக் கையோடு கொண்டுவர விரும்பிய ஒருவரின் ஏக்கம் எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தாலும் அந்த மாதத்தில் உபினில் வழுக்கும் மண்பாதை, பிந்தானின் வடகரையில் கொந்தளிக்கும் அலை, தென் தீவுகளில் ஒதுங்க இடமில்லாத மழை. ஆகையால் டிசம்பரில் வீட்டிலேயே இருந்து, சுக்குக் காப்பியும் பலகாரமுமாக நண்பர்களை அழைத்து விருந்து வைக்கிறோம். டிசம்பர் பயணத்துக்கென ஒதுக்கியிருந்த தொகையை ஏப்ரலுக்கு மாற்றிவிட்டோம். காற்று அடங்கிக் கடல் அமைதியாக இருக்கும் அந்த மாதத்தின் வார நாட்களே பிந்தானுக்கு மிகப் பொருத்தமானவை, அறைக் கட்டணமும் அப்போது குறைவு.