தாத்தா வீட்டைத் தேடிப் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

பிரான்சிலிருந்து ஊருக்கு வருகிறவர்களில் பூர்வீக வீட்டைத் தேடுகிறவர்கள் நிறைய. இந்த முறை நானும் அந்த வேலையாகத்தான் போனேன்.

கையில் இருந்தது பூட்டனார் காலத்துப் பிரெஞ்சுப் பத்திரம் ஒன்றுதான். அதில் கதவு எண் கிடையாது. தெற்கே டூப்ளெக்ஸ் வீதி, வடக்கே ஒருவர் தோட்டம், கிழக்கிலும் மேற்கிலும் இன்னின்னார் வீடு என்று நான்கெல்லை மட்டும் எழுதியிருந்தது. டூப்ளெக்ஸ் வீதி இன்றைய நேரு வீதி என்பது ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நீள வீதியில் எந்த இடம்? நான் போன அலுவலகத்தில் டி.எஸ். நம்பர் (நகர நில அளவை எண்) இல்லாமல் எதுவும் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாதி நாள் வரிசையில் நின்றது வீண்.

வழி காட்டியவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர். "வாய்க்காலை முதல்ல பிடிங்க தம்பி. அப்புறம் மிஷன் வீதி, காந்தி வீதின்னு மேற்கே எண்ணிக்கிட்டே வாங்க" என்றார். வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத்தான் சொன்னார். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் புதுச்சேரியின் பழைய வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒன்றைப் பெரிதாக்கி, பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறுக்கு வீதிகளை எண்ணினோம். பத்திரத்தில் சொன்ன தோட்டம், வீடுகளுக்குப் பின்னால் வெற்று இடமாகப் படத்தில் அப்படியே இருந்தது! எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1761-ல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளினார்கள். அதற்கு முந்தைய படத்தில் கோட்டையெல்லாம் இருக்கும். வீட்டைத் தேட அது உதவாது. ஈசுவரன் கோயிலை வைத்து இடம் பார்ப்பதும் ஆபத்து. 1748-ல் இடிக்கப்பட்ட வேதபுரீசுவரர் கோயில், சம்பா கோயில் என்கிற மாதா தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இன்றைய கோயில் வேறு இடத்தில். தெருக்களின் நேர்க்கோடுகளை நம்பலாம். டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்தபோது போட்ட கட்டம் தமிழர் பகுதியில் இன்னும் தெரிகிறது.

இடம் பிடிபட்டதும் அங்கே இப்போது இருக்கும் கடைக்காரரிடம் கேட்டு டி.எஸ். நம்பரை வாங்கினேன். அதோடு போனபோது அதே கவுண்டரில் கதாஸ்தர் எண்ணும் (பிரெஞ்சு முறை நிலப் பதிவேட்டு எண்) வார்டும் உடனே கிடைத்தன. அதனால் படத்தை வீட்டிலேயே பார்த்து, அச்செடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளையர் பகுதிக்கு அழகழகாகச் சுற்றுலாப் படம் போடுகிறார்கள். வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் வீதிகளுக்கும் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் போட்டு ஒரு படம் அச்சிட்டால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவும்.