சாம்சங் டி7 எஸ்எஸ்டி: டிரைவோடு வரும் கேபிளும் டிரைவின் ஒரு பகுதிதான்

சேலத்தில் திருமண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் எனக்கு, எடுத்த காட்சிகளை அன்றைக்கே இன்னொரு இடத்தில் நகலெடுத்து வைப்பது கேமராவைக் கையில் பிடிப்பதற்கு நிகரான வேலை. அதற்காகவே ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள சாம்சங் டி7 எஸ்எஸ்டியை (கேபிள் மூலம் கணினியில் இணைக்கும் சிறிய சேமிப்பு டிரைவை) வாங்கி, ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். 58 கிராம் எடையும் அலுமினிய உடலும் கொண்டு சட்டைப் பையில் அடங்கிவிடும் இந்த டிரைவைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் இதன் பெட்டியில் வரும் இரண்டு குட்டையான கேபிள்களை, வாங்குகிற பலர் போலவே நானும் முதலில் பொருட்படுத்தவில்லை.

ஏற்காட்டில் ஒரு தம்பதிக்கு அவுட்டோர் படப்பிடிப்பை முடித்துவிட்டு, லாட்ஜ் அறையில் மடிக்கணினியிலிருந்து டி7-க்கு 120 ஜிகாபைட் காட்சிகளை நகலெடுக்கத் தொடங்கினேன். பெட்டியோடு வந்த கேபிளைச் சேலத்தில் ஸ்டூடியோவிலேயே விட்டு வந்திருந்தேன். இரண்டு முனையும் டைப்-சி ஆக இருந்த என் செல்போன் சார்ஜர் கேபிளைப் போட்டதும் டிரைவின் நீல விளக்கு எரிந்தது. வேலை நடக்கிறது என்று நம்பினேன். இரண்டு மூன்று நிமிடங்களில் முடியும் என்று நினைத்த வேலை ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் பனி இறங்கிவிட்டதால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முன்விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாத நிலையில் இறங்க வேண்டியதாயிற்று.

டைப்-சி என்பது முனையின் வடிவத்துக்கு மட்டுமே உரிய பெயர். அது வேகத்தைச் சொல்லும் பெயர் அன்று. 2014-இல் வந்த அந்த முனையின் வழியாக நொடிக்கு 480 மெகாபிட் வேகமும் போகலாம், 40 ஜிகாபிட் வேகமும் போகலாம். அதிவேகத்துக்கென்று தனியாகச் சில இணைக் கம்பிகள் கேபிளுக்குள் ஓட வேண்டும். சார்ஜ் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட கேபிள்கள் பெரும்பாலானவற்றில் அந்தக் கம்பிகளே கிடையாது. மின்சாரத்துக்கான கம்பிகளும், 2000-ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0-க்கான இரண்டு டேட்டா கம்பிகளும்தான் இருக்கும். ஸ்டூடியோவுக்குத் திரும்பிய பிறகு மேக்ரோ லென்ஸ் போட்டு இரண்டு கேபிள்களின் வாய்க்குள்ளும் பார்த்தேன். சாம்சங் கேபிளில் பொன்னிறத் தகடுகள் நெருக்கமாக இருந்தன. சார்ஜர் கேபிளிலோ விழுந்த பற்களைப் போல அங்கங்கே இடம் காலியாக இருந்தது.

அதன் பிறகு 40 ஜிகாபைட் கோப்புறை ஒன்றை வைத்துச் சோதித்தேன். சார்ஜர் கேபிளில் ஏறத்தாழ 17 நிமிடம் ஆனது. பெட்டியில் வந்த இரண்டில், ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி ஆக இருக்கும் கேபிளை மேசைக் கணினியின் நீலநிற யூஎஸ்பி துளையில் செருகியபோது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. இரு முனையும் டைப்-சி ஆக இருக்கும் மற்றதை மடிக்கணினியின் டைப்-சி துளையில் போட்டபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 480 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் நொடிக்கு 60 மெகாபைட். நடைமுறையில் கைக்கு வருவது 40 அளவுதான். டி7-இன் பெட்டியில் எழுதியிருக்கும் நொடிக்கு 1,050 மெகாபைட் என்பது 10 ஜிகாபிட் இணைப்பை நம்பிச் சொல்லப்பட்டது. கேபிள், துளை, டிரைவ் ஆகிய மூன்றில் எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்த வேகம்.

நீலத் துளையில் இன்னொன்றையும் கவனித்தேன். முனையைத் தயங்கித் தயங்கி மெதுவாகச் செருகினால், முன்புறம் இருக்கும் பழைய யூஎஸ்பி 2.0 தகடுகள் முதலில் தொட்டு, கணினி அந்த வேகத்திலேயே இணைப்பை ஏற்படுத்திவிடுவது உண்டு. உள்ளே ஆழத்தில் இருக்கும் வேகத் தகடுகள் அதற்குப் பிறகுதான் தொடுகின்றன. ஒரே அழுத்தாக அழுத்திச் செருகிய பின் எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

கூடுதலாக ஒரு கேபிள் வாங்கச் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனபோது, "அண்ணா, இது 100 வாட் கேபிள், டேட்டாவும் பறக்கும்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் அதுவும் 480 மெகாபிட் கேபிள்தான். எத்தனை வாட் என்பது மின்சாரத்தின் கணக்கு. அதிலிருந்து டேட்டா வேகத்தை அறிய முடியாது. 240 வாட் வரை தாங்கும் கேபிளிலும் யூஎஸ்பி 2.0 வேகம் மட்டுமே இருக்கலாம். இதற்கு மேல் குழப்பம் தருவது பெயர் வைத்த முறை. 2008-இல் யூஎஸ்பி 3.0 என்று வந்த 5 ஜிகாபிட் வேகமே பின்னர் 3.1 ஜென் 1 என்றும், அதன்பின் 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாறியது. ஆகவே உறையில் 3.2 என்று மட்டும் போட்டிருந்தால் அது 5 ஆகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். கடையில் நான் இப்போது பதிப்பு எண்ணைக் கேட்பதில்லை. "எத்தனை ஜிகாபிட்" என்று கேட்கிறேன், அந்த எண் உறையில் அச்சாகியிருந்தால் மட்டுமே வாங்குகிறேன். டி7-க்கு 10 ஜிகாபிட் போதும். 40 ஜிகாபிட் கேபிளுக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் இந்த டிரைவ் 10 ஜிகாபிட்டைவிட வேகமாக ஓடாது.

குறை என்றால், கேபிள் ஒன்றரை அடிதான் இருக்கிறது. மேசைக்குக் கீழே வைத்த கணினியின் பின்பக்கத் துளையில் போட்டால் டிரைவ் தொங்குகிறது. ஆனால் 10 ஜிகாபிட் வேகத்துக்கு, சிக்னலை வலுப்படுத்தும் சிப் இல்லாத சாதாரணக் கேபிள் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டால் சிக்னல் தாங்காது என்பதால் இந்தக் குட்டை நீளத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். தண்ணீர், தூசிக்கு எதிரான பாதுகாப்பு மதிப்பீடு டி7-க்குக் கிடையாது. மலையில் சாரலில் வேலை செய்பவர்கள் அந்த மதிப்பீடு உள்ள டி7 ஷீல்டை வாங்குவது நல்லது.

பெட்டியில் வந்த இரண்டு கேபிள்களின் கழுத்திலும் சிவப்பு நூல் கட்டி, டிரைவ் இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறேன். செல்போன் சார்ஜ் செய்ய அவற்றை யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.