துரை வீட்டில் இரண்டே அறை: ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் சேவையைப் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் பாட்டியின் தகப்பனார், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்ன துரையாக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் என்பது வீட்டில் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசப்பட்ட செய்தி. எஞ்சியிருந்தவை அவருடைய பெயரும், ஒரு நிழற்படத்தின் பின்புறம் மையால் எழுதப்பட்ட ஹன்ட்லி என்ற ஊர்ப்பெயரும்தான். அவற்றை வைத்துக்கொண்டு, ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையச் சேவையில் மூன்று மாதம் தேடினேன்.

பெயர் அட்டவணையில் தேடுவது இலவசம். ஏட்டின் பக்கத்தைப் படமாகத் திறக்கத்தான் கட்டணம். நான் வாங்கியபோது 30 கிரெடிட் 7.50 பவுண்டு, ஒரு பக்கத்துக்கு 6 கிரெடிட், அதாவது எட்டு ஒன்பது ரிங்கிட். மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை திறந்த பக்கம் நம் கணக்கிலேயே இருக்கும் என்பதால், அட்டவணையிலேயே பொறுமையாகச் சலித்துவிட்டுத் திறப்பவருக்குப் பணம் வீணாகாது.

1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்குகள் இதில் உள்ளன. 1841ஆம் ஆண்டு ஏட்டில் நான் வழுக்கி விழுந்தேன். துரையின் பாட்டனாருக்கு 1851இல் வயது 39 என்றிருந்ததால், பத்தாண்டுக்கு முன் 29 என்று தேடி, வேறு யாரோ ஒருவரின் பக்கத்துக்குக் காசு கொடுத்தேன். அந்த ஏட்டில் பதினைந்தைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நம்மவர் 25 என்ற வயதோடு உட்கார்ந்திருந்தார். குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்ற விவரமும் 1851இலிருந்துதான் கிடைக்கிறது. எனவே குடிக்கணக்கை மட்டும் நம்பாமல், அதே சேவையிலேயே கிடைக்கும் 1855க்குப் பிந்தைய பிறப்புப் பதிவோடு ஒத்துப்பார்ப்பது நல்லது. தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் அதில் இருக்கும்.

1881 ஏப்ரல் 3ஆம் தேதி இரவைக் காட்டும் பக்கத்தைத்தான் அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பன் பண்ணையாள், நான்கு வயதுச் சிறுவனாக நம் துரை, வீட்டில் மொத்தம் ஒன்பது பேர். கடைசிப் பத்தியில், சன்னல் உள்ள அறைகள்: 2. ஸ்காட்லாந்துத் துரை என்றாலே பத்து காஜாவில் வில்லியம் கெல்லி சுமித் கட்டி முடிக்காமல் விட்ட மாளிகையை நினைத்துக்கொள்ளும் எங்கள் அத்தையிடம் இதைக் காட்டினேன். "நம்ம லயத்து வீடும் இப்படித்தானேப்பா இருந்துச்சு" என்றார்.

1911ஆம் ஆண்டு ஏட்டில் துரையின் பெயர் இல்லை. அந்த இரவில் வீட்டில் இருந்தவர்களைத்தான் எழுதுவார்கள், அவரோ இங்கே தோட்டத்தில் இருந்தார். ஆனால் அந்த ஆண்டு, மணமான பெண்களிடம் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்றும் கேட்டிருக்கிறார்கள். அவருடைய தாயின் பெயருக்கு நேரே ஏழு, ஐந்து என்று எழுதியிருக்கிறது. ஐவரில் நால்வரை அந்த ஆண்டு ஏட்டிலேயே ஹன்ட்லியைச் சுற்றியுள்ள வீடுகளில் கண்டுபிடித்துவிட்டேன். பாட்டி பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து.