கொலிச்சா, கம்பஸா? வன்னியில் வரலாறு படிப்பிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த கிழமையே எங்கள் பக்கம் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். கலைப்பிரிவு எடுத்த பிள்ளை, வரலாறும் சமூகக்கல்வியும் படிப்பிக்க விருப்பம், கொலிச்சுக்கு, அதாவது ஆசிரியர்களைப் பயிற்றுகிற கல்வியியற் கல்லூரிக்குப் போகவா, கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போகவா? நான் கம்பஸ் வழியால் வந்தவன், தங்கச்சி கொலிச் வழியால் வந்தவள். அவள் என்னைவிட ஐந்து வயது இளமை, ஆனால் ஆசிரியர் சேவையில் என்னைவிட ஒரு வருடம் மூப்பு! வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கடுப்பேற்றுவாள்.

முதலில் கொலிச். எங்களுக்குக் கிட்ட இருப்பது பூந்தோட்டத்தில் உள்ள வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி. உயர்தரப் பெறுபேற்றை வைத்து எடுக்கிறார்கள், விண்ணப்பம் வர்த்தமானியில் வரும். மூன்று வருடம்: இரண்டு வருடம் விடுதியில் இருந்து படிப்பு, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுபயிற்சி, அதாவது வகுப்பில் நின்று படிப்பித்துப் பழகுவது. முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா. படிக்கும் காலத்தில் மாதம் ஒரு கொடுப்பனவும் உண்டு. பெரிய காசில்லை, ஆனால் துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ இருந்து வருகிற பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வீட்டை எதிர்பார்க்காமல் இருக்கிறதே ஒரு பெரிய விஷயம். அதைவிடப் பெரிது, முடித்தவர்களுக்கு நியமனம் அநேகமாகத் தொகுதியாக வந்துவிடும். சிலவேளை இழுபடும்தான், என்றாலும் 'வருமா' என்று கேட்கிறதுக்கும் 'எப்ப வரும்' என்று கேட்கிறதுக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது.

கம்பஸ் அப்படியில்லை. இதில் நிறையப் பேர் ஏமாறுகிற ஒரு இடம் இருக்கிறது: வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கு, அங்கேயே வரலாறு படிக்கலாம் என்று நினைக்கிறார்கள். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியும் அங்கே கலைப்பீடம் கிடையாது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கல்வி, தொழில்நுட்பம், அவ்வளவுதான். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பதும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல் போன்ற பீடங்கள்தான். வரலாறு வேண்டுமென்றால் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் ஏற வேண்டும், போர்டிங் எடுக்க வேண்டும். பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம். பகிஷ்கரிப்பு, பரீட்சைப் பிந்தல் எல்லாம் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பட்டம் கிடைத்தாலும் உடனே வேலை கிடைக்காது. மாகாணம் எப்போது வெற்றிடம் கேட்டு விண்ணப்பம் கோருகிறதோ, எப்போது போட்டிப் பரீட்சை வைக்கிறதோ, அதற்குப் பிறகு நேர்முகம். 2017 இல் யாழ்ப்பாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் நாட்கணக்கில் வீதியோரம் இருந்தது ஞாபகம் இருக்கும். நான் அந்தக் காலத்தில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நாலு வருடம். கடைக்கு வருகிற ஐயாமார் "தம்பி கம்பஸ் முடிச்சதெல்லோ" என்று கேட்கிறபோது யூரியா மூட்டையை எண்ணுகிற மாதிரிக் குனிந்துகொள்வேன்.

சரி, அப்போ கம்பஸ் வீணா? இல்லை. பட்டதாரியாக உள்ளே வந்தால் டிப்ளோமாக்காரரைவிட மேலான தரத்தில் தொடங்கலாம். ஏ.எல் வகுப்பும் பெரும்பாலும் எங்களிடம்தான் வரும். எனக்கு அதைவிடப் பெறுமதியானது வேறு. முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில் ஒரு கல் நட்டிருந்தார்கள், 1803 ஒக்டோபர் 31 இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க், அவர்களை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று எழுதிய கல். வென்ற பக்கம் நட்ட கல்லை வைத்துத் தோற்றவனை எப்படி அறிகிறது? பத்தாம் ஆண்டில் மூலாதாரங்கள் பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வன்னிப் பிள்ளைக்குத் தேவையில்லை. இப்படிக் கேட்கிற பழக்கத்தை எனக்குக் கம்பஸ்தான் தந்தது.

ஆனால் முதல் நாள் ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் நான் வேர்த்து விறுவிறுத்து நின்றேன். நாற்பது நிமிடத்தை என்ன செய்கிறது என்றே தெரியாது. பாடக்குறிப்பு எழுதவும் கரும்பலகையைப் பிரிக்கவும் பின்வாங்கில் இருக்கிறவனை எழுப்பவும் யாரும் சொல்லித் தரவில்லை. தங்கச்சி இதையெல்லாம் இருபத்திமூன்று வயதிலேயே முடித்துவிட்டாள். பட்டதாரி இதைப் பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவாகப் படிக்க வேண்டும், தரம் உயரவும் அது தேவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் நடத்துகின்றன. முல்லைத்தீவுப் பாடசாலையில் ஐந்து நாள் படிப்பித்துவிட்டுச் சனி ஞாயிறு பஸ் பிடித்து வகுப்புக்குப் போய் வருகிறவர்களின் முதுகைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. சின்னப் பாடசாலையில் வரலாற்று ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இருக்க மாட்டார். வரலாறு ஓ.எல்லுக்கு (சாதாரண தரப் பரீட்சைக்கு) கட்டாயப் பாடம், அதோடு புவியியலும் குடியியலும் அதே ஆளின் தலையில்தான். கொலிச்சில் சமூகக்கல்வி நெறி படித்தவர்களுக்கு இது பழக்கம். தனி வரலாறு படித்த எனக்கு வரைபடத்தில் வருகிற சமவுயரக் கோடு என்றாலே வயிற்றைக் கலக்கும்.

நியமனம் இல்லாமல் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தால் ஒரு நாள் நிரந்தரமாக்குவார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்படி எடுபட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது ஒரு வழியில்லை, அதிர்ஷ்டம். அதை நம்பி இருபதுகளைக் கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், வீட்டில் கஷ்டம் என்றால் யோசிக்காமல் கொலிச். பட்டத்தைப் பிறகு வெளிவாரியாக எடுக்கலாம், சேவையில் இருந்தபடி கல்விமாணிப் பட்டமும் (பி.எட்) செய்யலாம். நாலைந்து வருடம் காத்திருக்க வீடு தாங்கும், வரலாறென்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற ஆள் என்றால் மட்டும் யாழ்ப்பாணம் ஏறுங்கள்.

தங்கச்சி இப்போது வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறாள். என்னுடைய கம்பஸ் குறிப்புகள் எல்லாம் அவளுடைய மேசையில்தான். பதிலுக்கு, ஓ.எல் வினாத்தாளில் வருகிற வரைபடக் கேள்வியை என் வகுப்புக்கும் அவள்தான் தயாரித்துத் தருகிறாள்.